விடிலியிலிருந்து ஹவுரா வரை

உடன்குடி

திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே போகப் போக மண் சிவந்துகொண்டே வரும். தேரிக்காடு. காற்று இந்த வருஷம் ஒரு பக்கம் குவித்து வைத்ததை அடுத்த வருஷம் இன்னொரு பக்கம் வாரிக்கொண்டு போய்விடும் செம்மணல் மேடுகள். உடைமரம், கொல்லாமரம், மற்றபடி கண் போகிற தூரமெல்லாம் பனை. கொஞ்சம் தள்ளி, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் ஏறப்போகிற ஊரில் பனை ஏற ஆள் கிடைக்கவில்லை என்று டீக்கடையில் ஒரு அண்ணாச்சி சொன்னார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மெருகேறிய வாக்கியம் என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

தை மாதத்தில் பனை சும்மா நிற்கும். பாளை விட்டுப் பதனீர் இறங்க இன்னும் நாள் இருக்கிறது. விடிலியில் அடுப்பு அணைந்து கிடந்தது. பதனீர் காய்ச்சும் ஓலைக் குடிசையை இங்கே விடிலி என்பார்கள். நாங்கள் தேடி வந்த அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து பனங்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கையில் கொடுத்துவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்டார்.

நான் வணிகவியல் பாடம் நடத்துகிறவன். என் மாணவர்கள் நால்வர், இரண்டு பெண்களும் இரண்டு பையன்களும், கொல்கத்தாவில் நடக்கும் சமூகத் தொழில்முனைவுப் போட்டி ஒன்றுக்குத் தேர்வாகியிருந்தார்கள். எட்டு நிமிடம் பேச வேண்டும், பிறகு நடுவர்கள் கேட்பார்கள். இவர்களுடைய திட்டம் இதுதான். பருவம் தொடங்கும்போது கையில் காசு இருக்காது என்பதால் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். வாங்கிய பணத்துக்குக் காய்ச்சக் காய்ச்சக் கருப்பட்டியைக் கொடுத்துவிட வேண்டும். கருப்பட்டி மலிந்து கிடக்கும் நேரம் அது. ஐப்பசி, கார்த்திகையில் விலை ஏறும்போது சரக்கு வியாபாரியின் கிடங்கில் இருக்கும். அந்த முன்பணத்தைத் தாங்களே திரட்டிக் கொடுத்து, சரக்கை ஈரம் படாமல் வைத்திருந்து, ஏறிய விலைக்கு விற்று, வரும் கூடுதலில் பெரும்பங்கைக் காய்ச்சிய வீட்டுக்கே தருவது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, பெயருக்கு விலை உண்டு என்பது இவர்கள் நம்பிக்கை.

மடிக்கணினியைத் திண்ணையில் வைத்து அக்காவுக்கு ஓட்டிக் காட்டினார்கள். முதல் படத்தில், விடிகிற வானத்துக்கு எதிரே பனையின் உச்சியில் ஒரு மனிதர், இடுப்பில் அருவாள்பெட்டி. நல்ல படம். அடுத்ததிலும் அவர்தான். அதற்கடுத்ததில் கலயம். அக்கா கடைசி வரை பார்த்தார்.

“எய்யா, ஏறுதவிய படம் இருக்கு. காய்ச்சுதவ எங்க?”

பையன்களில் ஒருவன், கூலிக் கணக்கில் அது ‘குடும்ப உழைப்பு’ என்று சேர்ந்திருக்கிறது என்றான். எவ்வளவு போட்டிருக்கிறாய் என்று கேட்டார். அந்தக் கட்டத்தில் எதுவும் போடவில்லை.

அதற்கப்புறம் கணினியை மூடிவிட்டோம். பேச்சு அவர் கையில் போய்விட்டது. விடியற்காலையில் முதல் கலயம் இறங்கும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். விறகு உடைமுள், காய்ந்த மட்டை, பன்னாடை, எது கிடைக்கிறதோ அது. கலயத்தில் தடவிய சுண்ணாம்பு கூடிப்போனாலும் குறைந்துபோனாலும் அதை ஈடுகட்டுவது அடுப்படியில்தான். பொங்கி வழியப்போகும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் அடங்கும். பாகு கூப்பனியாகித் திரண்டு வரும்போது துடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும், உருண்டால் இறக்கிச் சிரட்டையில் ஊற்றலாம். கொஞ்சம் முந்தினால் கருப்பட்டி கட்டாது, கொஞ்சம் பிந்தினால் தீய்ந்த வாடை. “அவிய மரத்துல இருந்து வுழுந்தாத்தான் சேதம். நான் ஒரு நிமிசம் அசந்தா அன்னைக்குப் பாடே சேதம்.” வலது கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, தெறித்த பாகு சுட்ட தழும்புகள், பழையவை வெளுத்தும் புதியவை கறுத்தும்.

பரணில் ஓலைப்பெட்டிகளில் போன பருவத்துக் கருப்பட்டி கொஞ்சம் இருந்தது. அடிவரிசை கார்த்திகை மழைக்குக் கசிந்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிடங்குச் சேதத்துக்கு இவர்கள் கணக்கில் விட்டிருந்த இடம் போதாது என்று தாவரவியல் படிக்கும் பையன் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

மதுரை

மதுரையில் ஒரு பகல் தங்கியதற்குக் காரணம் நான். சமூகத் தொழில் என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அதைச் செய்து காட்டிய இடம் இங்கே இருக்கும்போது, அதைப் பார்க்காமல் கொல்கத்தா போய் என்ன பேசுவது?

டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரம் வட்டாரத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். எங்கள் மாவட்டத்துக்காரர் என்றதும் மாணவர்களுக்கு ஒரு நிமிர்வு வந்தது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு கண் அறுவைச் சிகிச்சை கற்றுக்கொண்டவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 58 வயதில், 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இலேயே இதைப் பாடமாக்கிவிட்டது. நம் ஊர் வணிகவியல் பாடப்புத்தகங்களில் நான் பார்த்ததில்லை.

பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்டாதவர்களுக்கும் சிகிச்சை என்பது எல்லோரும் அறிந்ததுதான். என் மாணவர்களைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. இலவசப் பிரிவுக்குப் போக ஏழை என்று சான்று காட்ட வேண்டியதில்லை. எந்த வாசலில் நுழைவது என்பதை வருகிறவரே தீர்மானிக்கிறார். எங்களோடு பேசிய ஊழியரிடம் கணக்குப் படிக்கும் பெண் கேட்டாள்: “வசதி உள்ளவங்க இந்தப் பக்கம் வந்துட்டா?” வந்தால் வரட்டும், சோதித்துப் பார்க்க ஆள் போட்டு, வருகிறவரை அவமானப்படுத்தி மிச்சம் பிடிப்பது எத்தனை ரூபாய் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இன்னொன்று லென்ஸ். கண்புரை எடுத்தபின் வைக்கும் லென்ஸ் அந்தக் காலத்தில் இறக்குமதிச் சரக்கு, நூறு டாலர் அளவுக்கு விலை. 1992இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்து பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்தார்கள். விலையைக் குறைத்தது தர்ம சிந்தனை மட்டுமல்ல. அறுவை அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை போட்டு, மருத்துவர் ஒன்றில் முடித்ததும் அடுத்ததற்குத் திரும்பும்படி செய்த ஏற்பாடும், கிராமத்துப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து மருத்துவர் செய்யத் தேவையில்லாத வேலையையெல்லாம் அவர்களிடம் ஒப்படைத்ததும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும்.

இந்த மாதிரிப் போட்டிகளைப் பற்றி எனக்கு ஒரு கசப்பு உண்டு. கண்ணீர் வரவழைக்கும் படம் ஒன்று, வளைந்து மேலே போகும் கோடு ஒன்று, இரண்டும் இருந்தால் பாதி வெற்றி. அரவிந்தில் கண்ணீர்ப் படம் எங்கும் கண்ணில் படவில்லை.

மாலையில் விளக்குத்தூண் பக்கம் பருத்திப்பால் குடித்தோம். சுக்குக் காரத்தோடு தொண்டையில் இறங்கியது. கருப்பட்டி போட்டதா என்று மாணவி கேட்க, வண்டிக்காரர் சிரித்தார். “கருப்பட்டி போட்டா இந்த விலைக்குக் கட்டுமாம்மா? மண்டவெல்லம்தான்.” மறைக்காமல் சொன்னதற்காகவே இன்னொரு டம்ளர் வாங்கினோம்.

ஹவுரா மெயில்

சென்னையில் ஏறி, கோதாவரியைத் தாண்டும்போது இன்னும் இருட்டு. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆறு. பாலத்தின் இரும்புச் சத்தம் மாறியதை வைத்துத்தான் தெரிந்தது. விடிந்தபின் அனகாப்பள்ளி. கரும்பு வெல்லத்துக்குப் பேர்போன சந்தை. பருத்திப்பால் வண்டிக்காரர் சொன்ன மண்டவெல்லத்தின் பெரியப்பா வீடு என்றான் ஒரு பையன். வழியில் ஒரு பெண் பனங்கிழங்கைக் கட்டுக் கட்டாக விற்றுக்கொண்டு வந்தார். தெலுங்கில் தேகலு. ஸ்ரீகாகுளம் வரைக்கும் ஜன்னலில் பனை குறையவே இல்லை. நம்முடையது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த மரம் கரையோரமாகவே எங்களோடு வந்தது.

காலையிலிருந்தே மேல்படுக்கையில் உட்கார்ந்து கணக்கைப் பிரித்துப் போட்டார்கள். காய்ச்சுகிறவருக்குக் கூலி என்று ஒரு வரி சேர்த்ததும் லாபம் போனது. நூறு நாள் வேலைக் கூலி அளவுக்குப் போட்டுப் பார்த்தார்கள், அதற்கே நஷ்டம். விலையை ஏற்றினால்தான் நிமிரும், ஏற்றினால் வாங்குவார்களா தெரியாது. பையன்களில் ஒருவன் பழைய கணக்கையே காட்டலாம், போட்டிதானே, என்றான். கணக்குப் பெண் கீழே இறங்கிப் போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பேச்சுக்குள் முகம்மது யூனுஸ் வந்தார். போட்ட முதலைத் திருப்பி எடுக்கலாம், அதற்குமேல் லாபப்பங்கு கூடாது என்ற அவருடைய சமூக வணிகக் கொள்கையை வைத்து ஒரு சண்டை. லாபமே எடுக்கக் கூடாதென்றால் முன்பணத்துக்கு யார் காசு போடுவார்கள் என்று ஒரு பையன். காய்ச்சுகிறவருக்குக் கூலி போடாமல் காட்டுகிற லாபம் யாருடைய காசு என்று மற்றப் பெண். நான் வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் இப்படி ஒரு நாள் நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எதிர் இருக்கையில் இருந்த இளைஞர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, ஊர் தெற்கு 24 பர்கனாவில். தமிழ் நன்றாகவே பேசினார்.

“அண்ணா, அந்த மரம் அவங்களோடதா?”

பாட்டத்துக்கு எடுப்பது என்று சொன்னோம். அது ‘இதரச் செலவு’க்குள் இருந்தது.

“எங்க ஊர்லயும் அப்படித்தான். ஈச்சமரம். அப்பா ஏறுவாரு. மரத்துக்காரனுக்கு வெல்லம் கொடுக்கணும். முன்பணம் கொடுத்தவனுக்கு வெல்லம் கொடுக்கணும். வீட்டுக்கு மிஞ்சுறது புகை.” அப்பா விட்டுவிட்டாராம். சித்தப்பா இன்னும் ஏறுகிறாராம். போட்டி முடிந்ததும் வாருங்கள் என்று கைப்பேசி எண்ணைக் கொடுத்தார்.

பிற்பகலில் சில்கா. தண்டவாளத்தை ஒட்டியே ஏரி வந்துவிட்டது, கடலா ஏரியா என்று சொல்ல முடியாத அகலம். தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது நுரை என்று நினைத்தேன். எழுந்து பறந்தது. குளிர்காலத்துக்கு வரும் பறவைகள். பெட்டியில் பாதிப்பேர் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் கணக்குப் பெண் திரும்பி வந்து, புதுக் கணக்குதான், லாபம் எவ்வளவு குறைவோ அவ்வளவையும் அப்படியே காட்டுவோம் என்றாள். ஓட்டெடுப்பு நடந்தது. பழைய கணக்குக்காரப் பையன் தோற்றான். தோற்ற பிறகு ராத்திரி முழுக்க உட்கார்ந்து புதிய அட்டவணையைத் தட்டச்சு செய்தவனும் அவன்தான்.

கொல்கத்தா

ஹவுராவில் இறங்கியபோது பனி. படகில் ஹூக்ளியைக் கடந்தோம். தலைக்குமேல் பாலம். 1943இல் திறந்தது, நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட் அடித்தே கட்டியது. அக்கரையில் மல்லிக் காட் பூச்சந்தை, ஆள் உயரத்துக்குச் செவ்வந்தி மாலைச் சுருள்கள். மண்குவளையில் டீ, கச்சோடி, அதோடு தோல் நீக்காத சின்ன உருளைக்கிழங்குக் குழம்பு. குழம்பிலும் ஒரு இனிப்பு. பையன்களுக்கு ஒத்துவரவில்லை.

இந்த ஊர் என்னை ஆச்சரியப்படுத்தியது வெல்லத்தில். நொலேன் குர் என்பது குளிர்காலத்து ஈச்சம்பாகு. அது வந்துவிட்டது என்று இனிப்புக் கடைகள் வாசலில் எழுதி வைக்கின்றன. சந்தேஷ், ரசகுல்லா எல்லாவற்றிலும் அது போட்டதற்குத் தனி விலை, தனிக் கூட்டம். கோட்டும் குல்லாயுமாக வந்த ஒரு முதியவர் ஒரு சந்தேஷை வாங்கி, முதலில் மோந்து பார்த்து, பிறகுதான் கடித்தார். நம் பக்கம் நெடுஞ்சாலை முழுக்கக் கருப்பட்டிக் காப்பிப் பலகைகள் முளைத்திருக்கின்றன. யாரும் மோந்து பார்த்து நான் கண்டதில்லை.

அன்று இரவு மாணவர்களுக்கு ‘சௌதாகர்’ படத்தைப் பற்றிச் சொன்னேன். நரேந்திரநாத் மித்ராவின் ‘ரஸ்’ என்ற வங்காளக் கதையை வைத்து 1973இல் வந்த இந்திப் படம். அமிதாப் பச்சன் ஈச்சம்பாகு இறக்குகிறவர். நன்றாக வெல்லம் காய்ச்சத் தெரிந்தவள் என்பதற்காக நூதனைக் கட்டிக்கொண்டு, அவள் காய்ச்சியதை விற்றுக் காசு சேர்த்து, அந்தக் காசில் இன்னொருத்தியைக் கட்டுகிறார். புது மனைவிக்குப் பதம் தெரியாது, வியாபாரம் படுத்துவிடுகிறது. “அக்கா கேட்டதே கதையா?” என்றாள் ஒருத்தி. முதல் படத்தை மாற்றினார்கள். வானம் போய், தழும்புள்ள கை வந்தது. கண்ணீர்ப் படம் ஆகிவிடுமோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கையில் துடுப்பு இருந்ததால் விட்டுவிட்டேன்.

போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளிரூட்டிய அரங்கு, சிவப்பு எண்களில் ஓடும் கடிகாரம், எங்கள் பெண் எட்டு நிமிடத்துக்குச் சற்று முன்னாலேயே முடித்தாள். இவ்வளவு மெல்லிய லாபத்தில் தொழில் பெரிதாவது எப்படி என்று ஒரு நடுவர் கேட்டார். காய்ச்சுகிறவருடைய கூலியை எடுத்துவிட்டால் உடனே தடித்துவிடும் சார் என்றாள். அரங்கில் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. இன்னொரு நடுவர், வங்காள அம்மையார், கேட்டதுதான் எங்களை மடக்கியது. உங்கள் சரக்கில் சீனி கலக்கவில்லை என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? உடைத்த இடத்தில் மினுமினுத்தால் சீனி, மங்கலாக இருந்தால் நல்லது என்று அக்கா சொல்லித்தந்ததைச் சொன்னாள். அது உங்கள் அக்காவுக்குத் தெரியும், சென்னையில் பொட்டலம் வாங்குகிறவருக்கு? குறியீட்டைச் சொன்னாள். குறியீட்டை அச்சடிக்க எவ்வளவு ஆகும் என்றார் அம்மையார். இறுதிச் சுற்றுக்குப் போன மூன்று அணிகளில் நாங்கள் இல்லை.

ஜெயநகர்

சியால்தாவின் தெற்குப் பகுதியிலிருந்து லட்சுமிகாந்தபூர் லோக்கலில் ஏறினால் ஜெயநகர் மஜில்பூர். முதல் வண்டியைப் பிடித்தோம். திருப்பூர்க்காரர் ஸ்டேஷனில் மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு நின்றார். அங்கிருந்து குளமும் வாழையும் மாறி மாறி வரும் வழி. தேரிக்காட்டிலிருந்து போனவர்களுக்கு இத்தனை தண்ணீரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சித்தப்பா மரத்திலிருந்து பானைகளை இறக்கிக்கொண்டிருந்தார். பனையில் பாளையைச் சீவுகிறோம். இங்கே ஈச்சமரத்தின் தண்டையே உச்சிக்குக் கீழே ஒரு பக்கமாகச் செதுக்கி, மூங்கில் குழாய் செருகிப் பானை கட்டுகிறார்கள். சாயங்காலம் சீவிக் கட்டினால் விடிவதற்குள் இறக்கிவிட வேண்டும், வெயில் பட்டால் புளித்துவிடும். பனையை நாள்தோறும் சீவலாம், ஈச்சமரத்துக்கு ஓய்வு வேண்டும். சில நாள் விட்டுவிட்டு மறுபடி சீவும் முதல் இரவில் இறங்குவதுதான் உயர்ந்தது, ஜிரேன் என்று அதற்குப் பேர். பச்சையாக ஒரு குவளை நீட்டினார். தாவரவியல் பையன் என் கையைப் பிடித்தான். ராத்திரி வௌவால் வந்து வாய் வைக்கும், நிபா வைரஸ் அப்படிப் பரவியிருக்கிறது என்றான். மரியாதை கெடாமல் மறுப்பது எப்படி என்று நான் யோசிப்பதற்குள், கொதித்ததைக் கொடுங்கள் என்று திருப்பூர்க்காரர் வங்காளத்தில் சொல்லிவிட்டார்.

கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது சித்தி. அகலமான தகரத் தட்டு, அடியில் வைக்கோலும் சருகும். எங்கள் பெண்கள் இருவரும் போய் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டார்கள். பாஷை தெரியாது. பாகு பொங்கி வந்தபோது அவர் அகப்பையால் அடித்து அடக்கினார். ஆமணக்கு போடுவதில்லையா என்று ஒருத்தி சைகையில் கேட்டுப் பார்த்து, தோற்று, திருப்பூர்க்காரரைக் கூப்பிட்டாள். சித்தி ஆமணக்கைக் கேட்டுச் சிரித்துவிட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே தட்டில் கண்ணாக இருந்தார், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயநகர் மோவா கனக்சூர் நெற்பொரியும் இந்த வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடிக்கிற உருண்டை. 2015இல் புவிசார் குறியீடு பெற்றது. வாயில் வைத்ததும் பொரி இருந்த இடம் தெரியவில்லை. குறியீடு வந்தபின் உங்களுக்கு என்ன மாறியது என்று கணக்குப் பெண் கேட்டாள். பெட்டியின்மேல் அச்சு நன்றாக இருக்கிறது என்றார் சித்தப்பா. மோவாக் கடைக்காரர் கார்த்திகையிலேயே முன்பணம் கொடுத்துவிடுகிறார், விலை அவர் வைப்பதுதான். சில இடங்களில் சீனிப்பாகில் வாசனை எசன்ஸ் ஊற்றுகிறார்கள், பட்டணத்துப் பிள்ளைகள் அந்த வாசனையைத்தான் நல்ல வாசனை என்கிறார்கள். இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை, சலிப்பு இருந்தது.

கட்டியாக வார்த்த பட்டாலி வெல்லம் வாங்கிக்கொண்டோம். திரும்பும் லோக்கலில் நிற்கத்தான் இடம். என் பையன் ஒருவன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு உடைத்தான். பக்கத்தில் இருந்தவர் எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று இந்தியில் கேட்டார். சொன்னதும், ஏமாந்துவிட்டீர்கள் என்றார். நீட்டிய துண்டை வாயில் போட்டு, சீனி இருக்கிறது என்று தீர்ப்பும் சொன்னார். ஜன்னலோரத்து அம்மாள் ஒரு துண்டு கேட்டு வாங்கி மோந்து, இல்லவே இல்லை, இது ஜிரேன் என்றார். மீன்கூடைக்காரர் ஒருவர் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், அக்கா சொன்ன மாதிரியே. பாருய்பூரில் ஏறியவர்களுக்கும் விஷயம் சொல்லப்பட்டு அவர்களுக்கும் துண்டு போனது. கணக்குப் பெண் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணிக்கொண்டு வந்தாள். பாலிகஞ்சில் முதல் ஆள் இறங்கிப்போனார். இறங்கி, நடைமேடையில் நின்று, ஜன்னல் வழியாக மறுபடியும் சீனிதான் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.